டீச்சரம்மா பதில்கள்: கலர் வேண்டாம், பானைத் தண்ணி போதும்

சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் 31 வருஷம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊரில் இன்னும் யாரும் அதை அங்கன்வாடி என்று சொல்வதில்லை, பால்வாடிதான். வறுமையில் வளரும் குழந்தைகளைப் பற்றி என்னிடம் கேட்கலாம் என்று போன இதழில் அறிவிப்பு வந்ததும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை ரெண்டு தடவை படித்தேன். எழுதியவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஊர் மட்டும் போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. எடை குறைவான குழந்தைகளின் அம்மாக்கள் எடை போடும் நாளில் வருவதே இல்லை. வீடு தேடிப் போனாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்கிறேன்?
– அங்கன்வாடிப் பணியாளர், தென்காசி மாவட்டம்

எடை போடும்போது எத்தனை கிலோ என்று சத்தமாகச் சொல்கிறீர்களா தங்கச்சி? சொன்னால் முதலில் அதை நிறுத்துங்கள். கண்ணு பட்டுவிடும் என்று பயப்படுகிற அம்மாக்கள் உண்டு, அது ஒரு பக்கம். பத்துப் பேர் முன்னால் தன் பிள்ளை இளைத்துக் கிடக்கிறது என்று கேட்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

நானும் அதைச் செய்தவள்தான். சேர்ந்த புதிதில் வாசல் நிறையப் பெண்கள் நிற்கும்போது ஒருத்தியிடம், "பிள்ளை இப்படி எலும்பும் தோலுமா இருக்கே, வீட்டில என்னதான் கொடுக்கிறே?" என்று கேட்டுவிட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். அவள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். மூன்று மாதம் அந்தப் பக்கமே வரவில்லை, சத்துமாவு வாங்கக்கூட வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

நாலாவது மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். காலனித் தெரு. திண்ணையில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி கொடு தாயி" என்றேன். அவள் உள்ளே போகாமல் அப்படியே நின்றாள். அப்புறம், "கடையில கலர் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா டீச்சர்?" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலத்தெருக்காரர்கள் அந்த வீடுகளில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அதனால் யாராவது வந்துவிட்டால் கையில் காசு இருக்கிறதோ இல்லையோ கடைக்கு ஆள் அனுப்பி மூடி போட்ட பாட்டிலை வாங்கி நீட்டுவார்கள். "கலரெல்லாம் வேண்டாம், பானைத் தண்ணி போதும்" என்றேன். அவள் செம்பை எடுத்துச் சாம்பல் போட்டு விளக்கினாள், அலசினாள், மறுபடியும் அலசினாள், முந்தானையால் துடைத்தாள், அப்புறம்தான் மொண்டு கொண்டுவந்தாள். ஒரு செம்பையும் குடித்தேன்.

அன்றைக்கு நான் எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளாகச் சொன்னாள். கட்டட வேலைக்குக் கேரளா போன புருஷனிடமிருந்து ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. மாமியாருக்குக் கண் பார்வை சரியில்லை. இவள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனால் திரும்பி வர இருட்டிவிடும். வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது, நான் கொடுத்த சத்துமாவும் இருந்தது, பகலில் பிள்ளைக்கு ஊட்டிவிட ஒரு ஆள்தான் இல்லை. இந்தக் காரணத்தை எழுத எங்கள் எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது தங்கச்சி. பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர். மனுவை நான் எழுதிக் கொடுத்தேன், அவர் அந்தப் பிள்ளைக்குப் பகலில் ரெண்டு வேளை கஞ்சி ஊட்டினார். பிள்ளை தேறிவிட்டது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைக்கும் உள்ள பிள்ளையின் மேல்கையில் அளவு நாடாவைச் சுற்றும்போது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, சிவப்பில் வந்தால், அங்கே பக்குவம் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். இப்போது ஒரு வழியும் இருக்கிறது, 2022 மே மாதம் தொடங்கிய ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டத்தில் கடுமையாக இளைத்த பிள்ளைகளுக்கென்றே தனி உணவு தருகிறார்கள். 11.5-லிருந்து 12.5 வரைக்கும் மஞ்சள். நான் சொன்ன திண்ணையும் தண்ணியும் அந்த மஞ்சள் பிள்ளைகளின் வீட்டுக்கு, அதுவும் சிவப்பாக மாறுவதற்கு முன்னால்.

முட்டை இலவசம், அரிசி இலவசம், பணமும் இலவசம். இப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் பெற்றோர் பொறுப்பில்லாமல் போய்விட மாட்டார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்களை ஒரு திங்கட்கிழமை பால்வாடியில் உட்கார வைக்க ஆசைப்படுகிறேன் ஐயா. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுப் போன பிள்ளைகள் திங்கட்கிழமை வரும்போது சாப்பாட்டு வாசம் கிளம்புவதற்கு முன்பே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும். எங்கள் ஆயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் திங்கட்கிழமை மட்டும் உலையில் ஒரு கை அரிசி கூடப் போடுவார், யாரும் சொல்லிக்கொடுத்து இல்லை. சனி ஞாயிறு அந்தப் பிள்ளைகளின் வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கியபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு 2 வயதிலிருந்து 5 வயது வரை உள்ள பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்தார். அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்டார்கள். 1989-இல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, அப்போதும் கேட்டார்கள். இன்றைக்குப் பால்வாடியில் வாரத்துக்கு மூன்று முட்டை. அன்று அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகளை நான் வளர்த்திருக்கிறேன், பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டேன். சோம்பேறியாகப் போனவர்கள் என்று யாரையும் காட்ட முடியவில்லை. பாதிப் பேர் விடிவதற்கு முன் கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள்.

இன்னொன்று, இதை இலவசம் என்று சொல்வதே சரியில்லை. 2001-இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் எத்தனையோ உத்தரவுகள் போட்டு, 2006 டிசம்பரில் எல்லாக் குடியிருப்புகளுக்கும் அங்கன்வாடி வேண்டும் என்று சொன்னது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை எந்தக் குழந்தைக்கும் அங்கன்வாடி உணவு சட்டப்படி சேர வேண்டியது, உங்கள் பேரனுக்கும் சேர்த்துத்தான். வாங்குகிற அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்கள், நல்ல திட்டம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அக்கா பள்ளிக்கூடத்தில் உப்புமாவும் சாம்பாரும் சாப்பிடுகிறாள், அதே வீட்டுத் தம்பி கடுங்காப்பியும் ஒரு பன்னுமாக என்னிடம் வருவான். சத்துமாவு உருண்டை கொடுக்கும் வரைக்கும் அவன் விளையாட்டில் சேர மாட்டான், சுவரோரமாகவே உட்கார்ந்திருப்பான். அந்தச் சின்னவனுக்கும் காலையில் ஒரு கரண்டி வேண்டும்.

நான் பயர் ஆபீசில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். காலை 7 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன். என் மகன் என் அம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறான், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். இரவில் அழுகையாக வருகிறது.
– ஒரு தாய், சிவகாசி வட்டாரம்

அழாதேம்மா. உன்னை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவன் காதில் விழுந்ததை அவன் சொல்கிறான். மூன்று வயசுப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான், வீட்டில் எல்லாரும் அவனிடம் உன்னை "உங்கம்மா" என்று சொல்ல ஆரம்பித்தால் தன்னால் மாறிவிடும். பாட்டியிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று வருத்தப்படாதே. ஒருத்தரிடம் நன்றாக ஒட்டிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை இன்னொருத்தரிடமும் ஒட்டும். யாரிடமும் ஒட்டாமல், யார் தூக்கினாலும் போய், யார் இறக்கிவிட்டாலும் சும்மா இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் நாங்கள் பயப்படுவோம்.

எங்கள் பால்வாடியில் ஒரு அம்மா இருந்தாள், உன்னைப் போலத்தான். அரை நாள் வேலை கிடைக்கிற அன்றைக்கு நேராகப் பிள்ளையைக் கூப்பிட வந்துவிடுவாள். கையெல்லாம் வெள்ளிப் பவுடர், நகக்கண் வரைக்கும் மினுமினுவென்று இருக்கும். பிள்ளை "எம்மா" என்று கத்திக்கொண்டு ஓடி வரும், அவள் ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்வாள், மருந்து பட்டுவிடும் என்று. அப்படியே குனிந்து முழங்கைகளுக்கு நடுவில் பிள்ளையை இடுக்கித் தூக்குவாள். கையை வைக்காமல் ஒரு பிள்ளையை அப்படி இறுக்கிப் பிடிக்க முடியும் என்று அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆயம்மா அப்புறம் ஒரு வாளித் தண்ணியும் சோப்பும் வாசலிலேயே வைக்க ஆரம்பித்தார்.

நீ வந்ததும் குளித்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதே, "சாதம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். உன் நாளைச் சொல். வண்டியில் எத்தனை பேர் வந்தார்கள், வழியில் மயில் நின்றதா, உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற சித்தி என்ன கொண்டுவந்தார். பத்து நிமிஷம் போதும். வாரக் கடைசியில் எண்ணெய் தேய்த்து நீயே குளிப்பாட்டு, அந்த வேலையை மட்டும் பாட்டியிடம் விடாதே.

என் மகளின் பிறந்தநாளைச் சொந்த ஊர் அங்கன்வாடியில் கொண்டாட நினைக்கிறோம். கேக், புதுத்துணி, பொம்மை எல்லாம் வாங்கித் தரலாமா?
– வாசகி, சென்னை

நல்ல மனசு. வாங்குவதற்கு முன் அங்கே இருக்கிற டீச்சருக்கு ஒரு போன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மின்விசிறி ஓடாமல் இருக்கலாம், பாய் கிழிந்திருக்கலாம், ஒரு தண்ணீர் டிரம் தேவைப்படலாம். போட்டோ வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் அந்தப் பிள்ளையின் அம்மாவும் அந்தப் படத்தைப் போனில் பார்ப்பாள் என்று நினைப்பதில்லை. என் பால்வாடியில் ஒரு தடவை அது நடந்தது, கொடுத்த துணியை ஒரு அம்மா மறுநாள் மடித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சாதமும் முட்டையும் சாப்பிடட்டும். கடைசியில் ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய். அவ்வளவுதான்.

வறுமையில் வளரும் குழந்தைகளின் மூளை வளர்ச்சி குறைவாகத்தான் இருக்கும் என்று வகுப்பில் படித்தோம். அப்படியென்றால் அந்தக் குழந்தைகளின் தலையெழுத்து அவ்வளவுதானா?
– கல்லூரி மாணவி, திருச்சி

இல்லை மகளே. பட்டினி உடம்பை வாட்டும், படிப்பையும் வாட்டும், அதை மறைக்க முடியாது. ஆனால் ஜமைக்காவில் நடந்த ஒரு ஆய்வை எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள், அதைக் கேட்ட பிறகு நான் வேலை பார்த்த விதமே மாறிப்போனது. 1980-களின் நடுவில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ரெண்டு வயது நிரம்பாத பிள்ளைகள். சில பேருக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. சில பேருடைய வீட்டுக்கு வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், சுகாதாரப் பணியாளர் ஒருத்தர் போய் வீட்டில் கிடக்கிற சாமான்களிலேயே பொம்மை செய்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். சில பேருக்கு ரெண்டும். சில பேருக்கு எதுவும் இல்லை. ரெண்டு வருஷம் இப்படி.

20 வருஷம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். பால் மாவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. உடனே சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளாதே, வயிறு காய்ந்த பிள்ளை விளையாடாது, சுவரோரம் உட்கார்ந்திருக்கிற அந்தத் தம்பியைத்தான் மேலே சொன்னேனே. நான் எடுத்துக்கொண்டது வேறு. அங்கே போன பணியாளர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் கிடையாது, என்னைப் போன்றவர்கள். அவர்கள் கொண்டுபோனதும் விலை உயர்ந்த சாமான் இல்லை, காலி டப்பாவும் மூடியும்தான். ஆனால் வாராவாரம் போனார்கள், அம்மாவை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு மட்டும் விளையாடாமல் அம்மா கையில் கொடுத்து விளையாட வைத்தார்கள். அதிலிருந்து நானும் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பையில் நாலு புளியங்கொட்டை வைத்துக்கொள்வேன். ஒத்தையா ரெட்டையா என்று அம்மா பிள்ளையிடம் கேட்க ஆரம்பித்ததும் நான் எழுந்து வந்துவிடுவேன்.

சத்துமாவு கொடுத்தால் என் மகள் துப்புகிறாள்.
– வாசகி, அருப்புக்கோட்டை

வறுத்துவிட்டு, வெந்நீர் தெளித்துப் பிடித்து ஆவியில் கொழுக்கட்டையாக வேக வையுங்கள், ஒரு சொட்டு நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு. மாவு மீந்தால் மாட்டுக்குக் கலக்காதீர்கள், தீரும் வரைக்கும் புதுப் பாக்கெட்டைப் பிரிக்காமல் வையுங்கள்.

அங்கன்வாடி வேலையில் இருப்பவர்களே வறுமையில்தானே இருக்கிறார்கள்? உங்களுக்கு யார் ஆதரவு?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் ஐயா, நன்றி. 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுக்க 33 இடங்களில் இந்த அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதே எங்களைத் தொண்டு செய்கிறவர்கள் என்றுதான் எழுதிவைத்தார்கள். மத்திய அரசின் கணக்கில் கொடுப்பது மதிப்பூதியம். 2018 அக்டோபரிலிருந்து பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அதற்கு மேல் மாநில அரசு போடுவதில்தான் குடும்பம் ஓடும். தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேல் மையங்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் எத்தனை பேர் இந்த வேலையை நம்பிப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆயம்மாவே அப்படித்தான்.

குஜராத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2022 ஏப்ரல் 25-இல் உச்ச நீதிமன்றம், 1972-ஆம் வருஷப் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு மாலை ஆயம்மாவுக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டினேன். "அப்போ நாம செஞ்சது வேலைதானா டீச்சர்?" என்று கேட்டார்.

ஆதரவு என்றால் எங்களுக்கு நாங்கள்தான். மாதக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில்தான் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் பொண்ணுக்குக் கல்யாணம், யார் கைபேசியில் செயலி திறக்கவில்லை என்று எல்லாம் பேசித் தீர்ப்போம். ஒருத்திக்குப் பிரசவமோ ஆபரேஷனோ என்றால் பக்கத்து ஊர்க்காரி ரெண்டு மையத்தையும் பார்ப்பாள். வீடு வீடாகப் போய் ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்க நேரம் இருக்கிற மாதிரி வேலையை அமைத்துக் கொடுங்கள் என்பதுதான் நான் எல்லாக் கூட்டத்திலும் கேட்டது, இப்போதும் கேட்பது.

குடித்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட வரும் அப்பாவோடு குழந்தையை அனுப்பலாமா? மறுத்தால் சண்டைக்கு வருகிறார்.
– அங்கன்வாடி உதவியாளர், விழுப்புரம் மாவட்டம்

அனுப்பக் கூடாது. தடுமாறுகிற ஆள் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள், அப்பாவாகவே இருந்தாலும். தனியாக நிற்காதீர்கள், அக்கம்பக்கத்தில் ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அடிதடி, பிள்ளைக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 1098-க்கு அடியுங்கள், அந்த அம்மாவுக்கு ஆபத்து என்றால் 181. ரெண்டு எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள், எழுத்துத் தெரியாத அம்மாக்களுக்கு வாயால் சொல்லிக்கொடுங்கள்.

அந்த ஆளிடம் குடித்திருக்கும்போது பேசாதீர்கள், ஒரு புண்ணியமும் இல்லை. மறுநாள் காலையில், வெறும் வயிற்றோடு, வெட்கத்தோடு இருக்கிற நேரத்தில் பேசுங்கள். எங்கள் ஊரில் ஒருத்தனிடம் அப்படித்தான் பேசினேன். திட்டவில்லை. "நேத்து உன் மக மத்தியானத் தூக்கத்தில இருந்து எழுந்து, எங்கப்பா வந்துட்டாரான்னு மூணு தடவை கேட்டா தம்பி, நீ வந்து நின்ன நிலைமைக்கு என்னால அனுப்ப முடியல" என்றேன். தலையை நிமிர்த்தாமல் போனான். அன்றைக்குச் சாயங்காலம் வந்தான், குடித்துத்தான் வந்தான். ஆனால் வாசலுக்கு வரவில்லை, எதிர்த்தாற்போல வேப்பமரத்தடியில் தள்ளி உட்கார்ந்துகொண்டான். அவன் பொண்டாட்டி வேலை முடிந்து வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடக்க, பத்தடி பின்னால் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்து போனான். அப்புறம் வாரத்தில் ரெண்டு நாள், சில வாரம் மூன்று நாள், நேராக நிமிர்ந்து வந்து வாசலில் நின்று பிள்ளையைக் கேட்டு வாங்குவான். அந்த நாட்களில் மட்டும் அனுப்பினேன்.